பழைய பாட்டுப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? பார்த்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் நம் தேயிலைத் தோட்டத்தில் யாராவது ஒருவர் பென் டிரைவோடு வந்துவிடுவார். புதுப் படம் என்றால் பெரியவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பழைய படம் என்றால் யோசிப்பதே இல்லை. "பாட்டுப் படம்தானே, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் டிவி ஓடினால் பக்கத்துக் காம்பராக்களின் பிள்ளைகளும் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிடும். அப்படியென்றால் நீங்கள் படம் தேர்ந்தெடுப்பது உங்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல.

பாட்டுப் படத்தை எடைபோட ஒரு தனி முறை வேண்டும் என்பது என் எண்ணம். சண்டைக் காட்சி ஓடி முடிந்துவிடும், பிடிக்காவிட்டால் தாண்டியும் விடலாம். பாட்டு அப்படிப் போகாது. படம் முடிந்து மூன்று வாரத்துக்குப் பிறகும் குழாயடியில் பிள்ளை அதைத்தான் பாடிக்கொண்டிருக்கும். அதனால் மற்றப் படங்களுக்குக் கடைசியாகப் பார்ப்பதை இங்கே முதலில் பார்க்க வேண்டும். பெற்றோர், ஆசிரியர், வாசிகசாலையிலோ அறநெறி வகுப்பிலோ படம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

படி 1: சான்றிதழைப் பாருங்கள், அதோடு நிற்காதீர்கள்

பழைய தமிழ்ப் படத்தின் தொடக்கத்தில் 'யு' என்று ஒரு சான்றிதழ் வரும். எல்லோரும் பார்க்கலாம் என்று அதற்குப் பொருள். ஆனால் இந்தியாவில் 1983 வரைக்கும் 'யு', 'ஏ' என்று இரண்டே பிரிவுகள்தான் இருந்தன. பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டியது என்ற 'யுஏ' அதற்குப் பிறகு வந்தது. அதை 7, 13, 16 வயது என்று பிரித்ததோ 2023-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான். எனவே 1960-களில் வந்த படத்தின் 'யு' நமக்குச் சொல்வது, அது பெரியவர்களுக்கு மட்டுமான படம் இல்லை என்பதை மட்டுமே. ஆறு வயதுக்கு ஏற்றதா, பன்னிரண்டு வயதுக்கு ஏற்றதா என்ற கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஆங்கிலப் படங்களும் இப்படித்தான். அமெரிக்காவில் வயதுவாரித் தரப்படுத்தல் தொடங்கியது 1968 நவம்பரில். 'த சவுண்ட் ஒப் மியூசிக்' அதற்கு மூன்று வருடம் முந்திய 1965-இல் வந்த படம். அதன் தரம் பிற்பாடு சேர்த்தது. கொடுத்த தரம் மாறியதும் உண்டு. 1964-இல் வந்த 'மேரி பொப்பின்ஸ்' படத்தை பிரித்தானியத் தணிக்கையாளர்கள் 2024-இல் 'யு' பிரிவிலிருந்து பெற்றோர் வழிகாட்டல் தேவைப்படும் 'பிஜி' பிரிவுக்கு மாற்றினார்கள். தென்னாபிரிக்க மக்கள் குழு ஒன்றை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் அதில் வருவதே காரணம். அறுபது வருடம் யார் கண்ணையும் உறுத்தாத ஒன்று இப்போது உறுத்துகிறது. நம் பழைய நகைச்சுவைகளுக்கும் இது நடக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

யூடியூப்பில் கிடைக்கும் படங்களில் பலவற்றுக்கு இந்தச் சான்றிதழ்கூட இருக்காது, தொடக்கத்தை வெட்டியிருப்பார்கள். சரி, அடுத்ததுக்குப் போவோம்.

படி 2: முதலில் பாட்டுகளை மட்டும் தனியே கேளுங்கள்

படத்தைப் பார்க்கும் முன்பே அதன் பாட்டுகளை வரிசையாகக் கேட்டுவிடுங்கள். கொழுந்து எடுக்கும்போதோ சமைக்கும்போதோ கேட்டால் போதும். வரி புரியாவிட்டால் தேடி வாசியுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் யார் யாருக்குப் பாடுகிறார், கேட்பவரிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று பாருங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று இருக்கிறது: அந்தப் பாட்டு சொன்னதைக் கதை பின்னால் ஒத்துக்கொள்கிறதா, மறுக்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. 'த சவுண்ட் ஒப் மியூசிக்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த மகள் லீசலுக்குப் பதினாறு வயது. தந்தி கொண்டுவரும் ரோல்ஃப் என்ற பையனுக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு நடக்கிறது. உனக்கு உலகம் தெரியாது, வயதில் மூத்த, விவரம் தெரிந்த ஓர் ஆண் உனக்கு வழிகாட்ட வேண்டும், அது நான்தான் என்ற பொருளில் அவன் பாடுகிறான். அவளும் அதையே திருப்பிப் பாடுகிறாள். மெட்டு அவ்வளவு இனிமை, மழையில் நடனம் வேறு. ஆனால் விவரம் தெரிந்தவனாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட அதே பையன் பிறகு ஹிட்லரின் நாசிப் படையோடு சேர்ந்து, அவள் குடும்பத்தையே காட்டிக்கொடுக்கக் கத்துகிறான். கதை அந்தப் பாட்டை முழுதாகக் கவிழ்த்துவிடுகிறது. படம் முழுவதையும் பார்த்த பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இது நல்ல பாடம். பாதியில் தூங்கிப்போன எட்டு வயதுக்காரிக்கு மெட்டும் அதன் அறிவுரையும் மட்டுமே மிஞ்சும். ஆகவே இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்துவதாக இருந்தால் காட்டாமலே இருக்கலாம்.

தமிழில் எதிர்மாறான சிக்கல் உண்டு. 'பக்திப் படம்' என்ற பெயரே அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னையில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' நினைவிருக்கும். எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலுக்காக எங்கள் தாத்தா தலைமுறை அதைக் கொண்டாடியது. பெற்றோரைத் துரத்திய மகன் தாசியின் வலையில் விழுந்து எல்லாவற்றையும் இழந்து, கடைசியில் திருந்தி, பெற்றோரையே தெய்வமாகக் காணும் கதை. நடுவில் கால்களையும் இழக்கிறான். படத்தில் மிகவும் புகழ்பெற்ற பாட்டு, டி.ஆர். ராஜகுமாரியைப் பார்த்துப் பாகவதர் பாடும் மன்மதப் பாட்டுதான். திருந்திய பிறகு வரும் பாட்டுகளைவிட அதுதான் வாயில் ஒட்டும். பதினான்கு வயதுக்கு மேல் என்றால் காட்டலாம், பேசவும் நிறைய இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை வாயால் சொல்லிவிடலாம்.

அப்புறம் குடிகாரன் பாட்டு. நம் பழைய படங்களில் தள்ளாடிக்கொண்டே பாடும் ஒரு பாட்டு எப்படியும் வந்துவிடும். அரங்கமே சிரிக்கும். சம்பள நாள் இரவில் கசிப்பு வாடையோடு வரும் அப்பாவுக்காகக் கதவோரம் காத்திருக்கிற பிள்ளை அதற்குச் சிரிக்காது. கூட இருக்கும் பிள்ளைகள் சிரிக்கும்போது அது தலையைக் குனிந்துகொள்ளும். அப்படி ஒரு பிள்ளை வரும் என்று தெரிந்தால் அந்தப் பாட்டைத் தாண்டிவிடுங்கள், கதைக்கு ஒரு குறையும் வராது.

படி 3: பிள்ளைகள் தூங்கிய பிறகு முழுப் படத்தையும் பாருங்கள்

கையில் ஒரு தாள், பேனா. மனதை நெருடும் இடம் வந்தால் நேரத்தைக் குறியுங்கள்: '1.12: அறைகிறான்' என்பதுபோல. முன்பு எப்போதோ பார்த்த நினைவை நம்பிக் காட்டாதீர்கள். நமக்கு நினைவிருப்பதெல்லாம் பிடித்த காட்சிகள்தான்.

வெட்டும் குத்தும் எல்லோர் கண்ணிலும் படும். அதைவிட நுணுக்கமானவை மூன்று. ஒன்று, நகைச்சுவை. கறுத்த நிறம், பருத்த உடம்பு, திக்குவாய் இவற்றைச் சொல்லிச் சிரிக்க வைக்கும் இடங்கள் பழைய படங்களில் மலிந்து கிடக்கின்றன. மறுநாள் விளையாட்டு மைதானத்தில் அந்த வசனம் எந்தப் பிள்ளையின் மேல் விழும் என்று யோசியுங்கள். இரண்டு, மனைவியை அறைந்ததும் அவள் திருந்திக் காலில் விழுவது. மூன்று, விடாமல் துரத்தினால் பெண் சம்மதித்துவிடுவாள் என்ற கதை. மூன்றாவதைக் காதல் பாட்டு என்ற பெயரில் நாம் எல்லோரும் ரசித்து வளர்ந்தோம். ஆனாலும் பத்து வயதுப் பையனுக்கு அதைக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பயமுறுத்தும் காட்சிகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் தளர்வாகவே இருங்கள். மாசி மாதம் காமன் கூத்து பார்த்து வளர்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். மன்மதன் எரிவதையும் ரதி ஒப்பாரி வைப்பதையும் நடுச்சாமத்தில் கண் விழித்துப் பார்த்தவர்கள். வீரபத்திரன் வரும்போது அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, ஓட்டை வழியே பார்த்தவர்கள். பாட்டோடு வரும் பயத்தைப் பிள்ளைகள் தாங்குவார்கள், பக்கத்தில் ஒரு மடி இருந்தால். தனியே போனில் பார்க்கும் பிள்ளைக்கு அந்த மடி இல்லை.

படி 4: யார் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்

வெளிநாட்டு விமர்சனங்களும் வயதுப் பட்டியல்களும் நமக்கு உதவாமல் போவது இந்த இடத்தில்தான். ஒரே காட்சி ஒரு பிள்ளைக்கு விளையாட்டாகவும் அடுத்த பிள்ளைக்குக் காயமாகவும் இருக்கும். அதை அறிய அந்தப் பிள்ளையின் வீட்டை அறிந்திருக்க வேண்டும்.

அம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ போயிருக்க, அப்பாயியிடம் வளரும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். 'த சவுண்ட் ஒப் மியூசிக்' தாயில்லாத ஏழு பிள்ளைகளின் கதை. வீட்டுக்கு வந்த ஒரு பெண் அவர்கள் மனதை வென்று, முடிவில் அவர்களுக்கு அம்மாவாகவே ஆகிவிடுகிறாள். மற்றவர்கள் கைதட்டும் அந்தத் திருமணக் காட்சியில், "அப்போ எங்க அம்மா வராட்டி வேற அம்மா வருவாங்களா?" என்ற கேள்வி ஒரு பிள்ளைக்குள் எழலாம். படத்தை ஒதுக்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய் இறந்துவிட்டார் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அன்றைக்கு அம்மாவோடு ஒரு வீடியோ அழைப்புக்கும் வழி செய்யுங்கள்.

வேறொரு கோணமும் உண்டு. பிள்ளை பார்க்க வந்த அந்த மரியா, சம்பளத்துக்கு ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு வந்தவள். கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன அக்காவோ சித்தியோ உள்ள பிள்ளை இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளின் அப்பாவான துரைத்தனமான அந்தக் கப்டன் விசில் ஊதி அவர்களை அழைப்பதும், இப்படி விசிலுக்கு வருவதற்கு இவர்கள் என்ன பிராணிகளா என்று மரியா எதிர்த்து நிற்பதும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் இடம். வேலைக்கு வந்தவள் முதலாளியிடம் வாய் திறக்கிறாள் அல்லவா! ஆனால் முதலாளியே கல்யாணம் செய்துகொள்வது கதையில் நடப்பது என்பதை வளர்ந்த பெண் பிள்ளைகளிடம் பச்சையாகவே சொல்லிவிடுவது நல்லது.

பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைக்கு 1965-இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தைத் தனியே காட்டாதீர்கள். குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் வந்து பிரிந்த அப்பா அம்மாவைச் சேர்த்துவைக்கும் அருமையான படம், பாட்டுகளும் அருமை. ஆனால் தான் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரியாக இருந்திருந்தால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்திருப்பார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டால், அந்தப் பாரம் படத்தோடு முடியாது.

மழைக்காலமும் கணக்கில் வர வேண்டும். 1939-இல் வந்த 'த விசர்ட் ஒப் ஒஸ்' படத்தில் சூறாவளி ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறது. மற்ற ஊரில் அது மாயக் காட்சி. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன கதையைக் கேட்டு வளர்ந்த, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பாடசாலைக் கட்டடத்தில் இரவைக் கழித்த பிள்ளைக்கு அது வேறு. மழை ஊற்றும் இரவில் அந்தப் படத்தைப் போடாதீர்கள். வெயில் அடிக்கும் மாசி, பங்குனியில் பகலில் போடலாம். பறக்கும் குரங்குகளும் அதில் வரும், ஏழு வயதுக்குக் கீழே என்றால் அந்தக் குரங்குகளே பெரிய தொல்லை.

பெரியவர்களையும் மறக்காதீர்கள். 'த சவுண்ட் ஒப் மியூசிக்' முடிவில் ஒரு குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக ஓடுவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் பரபரப்பில் இருப்பார்கள். 77, 83 இனக்கலவரங்களைக் கண்ட தாத்தா பின்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். அவர் பேச விரும்பினால் படத்தை நிறுத்திவிட்டு அவரைப் பேச விடுங்கள், படம் எங்கும் போய்விடாது.

படி 5: வயதைத் தோராயமாகப் பிரியுங்கள்

ஐந்து வயதுக்குக் கீழே முழுப் படம் வேண்டாம், இரண்டு மூன்று பாட்டுக் காட்சிகள் போதும். 'மாயாபஜார்' (1957) படத்தில் எஸ்.வி. ரங்காராவ் கடோற்கசனாக வந்து கல்யாணச் சாப்பாடு முழுவதையும் தனியாளாகத் தின்று தீர்க்கும் பாட்டு இந்த வயதுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஆறிலிருந்து ஒன்பது வரை அதே படத்தை முழுதாகக் காட்டலாம். அரக்கர்கள் வருகிறார்கள், ஆனால் நம் பக்கத்து அரக்கர்கள். கறுப்பு வெள்ளை என்று முதலில் முகம் சுளிப்பார்கள், மாய வேலைகள் தொடங்கியதும் மறந்துவிடுவார்கள். பத்து வயதிலிருந்து 'த சவுண்ட் ஒப் மியூசிக்' சரியாக இருக்கும். காதல், துரோகம், தாசி வீடு இவையெல்லாம் கதையின் நடுவில் உள்ள படங்களைப் பதின்ம வயதுக்கு விட்டுவிடுங்கள். இது என் கணக்கு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதிய பிள்ளைகளில்கூட ஒன்று இன்னும் இருட்டுக்குப் பயப்படும், ஒன்று நமக்கே புத்தி சொல்லும்.

படி 6: மொழியும் நீளமும்

ஆங்கிலப் படம் என்றால் எட்டு வயதுக்குக் கீழே அடியில் ஓடும் எழுத்தை வாசித்து முடிக்க முடியாது. அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் பெரிய பிள்ளைகளுக்கும் சிரமம். யாராவது ஒருவர் இடையிடையே தமிழில் சொல்ல வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், காட்சிக்கு இரண்டு வாக்கியம் போதும். பாட்டு ஓடும்போது வாயே திறக்காதீர்கள், பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள்.

'த சவுண்ட் ஒப் மியூசிக்' 174 நிமிடம். 'மாயாபஜார்' படமும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அரங்கில் இடைவேளை இருந்தது, வீட்டிலும் இருக்கட்டும். இரண்டு நாளாகப் பிரிப்பதும் நல்லதுதான், ஆனால் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பாருங்கள். ரோல்ஃப் விடயத்தில் சொன்னதுபோல, தவறு செய்தவன் தண்டனையோ திருத்தமோ பெறும் முன் நிறுத்தினால் பிள்ளைக்குப் பாதி நியாயம்தான் கிடைக்கும்.

நீளத்தை வைத்தே பிரதியையும் சோதிக்கலாம். கிடைத்த பிரதி உண்மையான நீளத்தைவிட அரை மணி நேரம் குறைவு என்றால் எதையோ வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் வெட்டுவது பாட்டுகளைத்தான், பாட்டுப் படத்தில் பாட்டை வெட்டுகிறவர்களை என்ன சொல்வது! நேரடியாக யூடியூப்பில் ஓடவிட்டால் நடுவில் வரும் விளம்பரங்கள் படத்தைவிட மோசமாக இருக்கக்கூடும். படம் முடிந்ததும் தானாகவே அடுத்தது ஓடத் தொடங்கும், அந்த வசதியை முதலிலேயே நிறுத்திவையுங்கள்.

படி 7: காட்டும் அன்று

தொடங்கும் முன் இரண்டு நிமிடம் பேசுங்கள். 'த சவுண்ட் ஒப் மியூசிக்' என்றால் இப்படி: 1938-இல் ஜெர்மனி ஒஸ்திரியாவைப் பிடித்துக்கொண்டது, தங்கள் கடற்படையில் சேரச் சொல்லி அந்த அப்பாவுக்குக் கட்டளை வந்தது, அவருக்கு விருப்பமில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும், திருமணத்துக்குப் பிறகு படத்தின் நிறமே மாறுவது ஏன் என்று பிள்ளைகளுக்குப் புரியும். கல்லறைகளுக்குப் பின்னால் குடும்பம் ஒளிந்திருக்கும் இடத்தில் சிறியவர்களை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி நீட்டப்படும், யாரும் சாக மாட்டார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் சுவை கெடாது.

முடிவில் அவர்கள் மலையைக் கடந்து நடப்பார்கள். "இது உண்மையா?" என்று நிச்சயம் கேட்பார்கள். உண்மைக் குடும்பம் ரயிலில்தான் இத்தாலிக்குப் போனது. கதை நடக்கும் சால்ஸ்பேர்க் ஜெர்மன் எல்லையில் இருக்கும் நகரம், அங்கிருந்து அப்படி மலையேறினால் யாரிடமிருந்து தப்பி ஓடினார்களோ அவர்களிடமே போய்ச் சேர வேண்டியதுதான். குறுக்குப் பாதைகளிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தத் தகவல் கொண்டாட்டம்.

படி 8: பிறகு வரும் வாரம்

"படம் பிடித்ததா?" என்று கேட்டால் "ஆமா" என்ற ஒரு சொல்தான் வரும். கேட்காமல் கவனியுங்கள். எந்தப் பாட்டைப் பாடுகிறது, விளையாட்டில் யாராக நடிக்கிறது, எந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று பாருங்கள். விசில் ஊதும் கப்டனாகத் தம்பியை மிரட்டிக்கொண்டிருந்தால், மரியா சொன்ன பதிலை நினைவூட்ட அதுதான் நேரம். நெருடலான பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டால் தடை போடாதீர்கள், தடை போட்டால் இன்னும் சத்தமாகப் பாடும். அதைப் பாடியவன் கடைசியில் என்ன செய்தான் என்று மட்டும் கேளுங்கள்.

படுக்கையை நனைப்பது, தனியே கழிப்பறைக்குப் போக மறுப்பது போன்றவை புதிதாகத் தொடங்கினால் அந்த வகைப் படங்களை ஒரு வருடம் தள்ளிவையுங்கள். சில வாரங்களிலும் மாறாவிட்டால் தோட்ட வைத்திய நிலையத்திலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள்.

படி 3-இல் எழுதிய தாளைக் கசக்கிப் போடாதீர்கள். அதைப் படம் பிடித்து அதே பென் டிரைவில் போட்டுவிட்டால், அடுத்ததாக வாங்கிப் போகிற வீட்டுக்கும் எந்த நிமிடத்தில் என்ன வரும் என்று தெரியும்.